மூன்று காம்புப் பால்

அன்று காலை பால் சென்டரில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். திலகரத்ன சார், எங்கள் பொறுப்பாளர். நியாஸ், பால் அளந்து எடுக்கிற பையன், பையன் என்றாலும் கல்யாணமாகி இரண்டு பிள்ளை. செல்வம், எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இருந்து ஆட்டோவில் கேன் ஏற்றி வருபவன். பியசேன, பால் ஏற்றிப் போகும் பவுசர் லாரி டிரைவர், உள்ளே வரமாட்டார், வாசற்படியில் நின்று தேத்தண்ணி குடிப்பார். நான். தரையில் நாற்பது லிட்டர் கேன் ஒன்று, எட்டு வீட்டுப் பால் அதில். அந்த எட்டில் ஒரு வீடு என் அண்ணன் வீடு. அண்ணி பாக்கியம் அப்போது அங்கே இல்லை. பிறகு வந்தாள்.

போன வருடம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். இப்போது சென்டரில் புதிய மெஷின் வந்திருக்கிறது. சின்னப் பெட்டி. ஸ்டிரிப்பை உள்ளே விட்டால் வெளிச்சம் அடித்துப் பார்த்து நம்பர் காட்டும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, இதெல்லாம் இல்லாம வெறுங்கண்ணாலயா பாத்தீங்க? எப்புடின்னு எழுதிக் குடுங்க."

எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதுகிறேன். பிழையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். பதினொரு வருடம். மழையில் சறுக்கி முழங்கால் போனது, மலை ஏற முடியவில்லை. வட்டகொடைப் பக்கத்தில் பால் சென்டரில் கேன் கழுவ ஆள் கேட்டார்கள். போனேன், கழுவினேன். பிறகு லேக்டோமீட்டர் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் கலந்த பாலில் அது கூடுதலாக இறங்கும். பிறகு ஸ்பிரிட் ஊற்றிப் பார்ப்பது. கெட்டுப்போகிற பால் திரியும். இதெல்லாம் ஒரு மழைக்காலத்தில் கைக்கு வந்துவிட்டது.

மருந்து அப்படியில்லை. மாட்டுக்கு மடி வீங்கினால் டாக்டர் ஆன்டிபயோட்டிக் போடுகிறார். அது பாலில் இறங்குகிறது. நிறம் மாறாது. மணம் மாறாது. காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. முன்பெல்லாம் பாலில் மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். பதில் வருவதற்குள் அந்தப் பாலை யாரோ குடித்து முடித்திருப்பார்கள்.

அது குடித்தால் என்ன என்று நான் ஒருமுறை சாரிடம் கேட்டேன்.

"உங்க பேரப்பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வந்தா டிக்கோயா ஆஸ்பத்திரியில இந்த மருந்துதான் குடுப்பாங்க," என்றார். "தினம் பால்ல கொஞ்சம் கொஞ்சம் குடிச்சா, கிருமி பழகிருவாங்க. அப்புறம் மருந்துக்குப் பயப்பட மாட்டாங்க."

சார் பேசும் தமிழ் இப்படித்தான். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் மரியாதை. யாரோ அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மாட்டைப் பார்த்து 'நகருங்க' என்பார். நாயை 'வெளிய போங்க' என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டதில்லை.

ஒரு நாள் சார் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் சிவப்புத் தூள். கூடவே மெல்லிய ஸ்டிரிப்புகள்.

"இதுக்குள்ள தங்கம் இருக்காங்க," என்றார்.

"தங்கமா?" என்றான் நியாஸ். "எங்க வீட்டுத் தங்கம் ஹட்டன்ல அடகுக் கடையில இருக்கு சார். பாலுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா பொஞ்சாதி குடத்தோட வந்து நிப்பா."

"உண்மையாத்தான். தலைமுடி இருக்குதானே, அதைவிட ஆயிரம் மடங்கு சின்னவங்க. அவ்வளவு சின்னதானா தங்கம் மஞ்சள் இல்ல. சிவப்பு."

நான் பார்த்தேன். குங்குமத்தைவிட அழுத்தமான சிவப்பு.

செய்யும் முறை இது. பால் போத்தலை ஐந்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக்கூடாது, நுரை வரும். அளவுக் குழாயால் ஒரு சொட்டுக் கணக்கில் எடுத்துக் குப்பியில் விட வேண்டும். தூள் கரைந்து பால் ரோஜா நிறமாகும். நாற்பது டிகிரி ஹீட்டரில் மூன்று நிமிடம். பிறகு ஸ்டிரிப்பை நிறுத்த வேண்டும். ஏழு நிமிடம். பால் ஸ்டிரிப்பில் ஏறும், தங்கமும் கூட ஏறும். இரண்டு சிவப்புக் கோடு விழும். மேல் கோடு எப்போதும் வரும், ஸ்டிரிப் நல்லது என்பதற்கு அது சாட்சி. கீழ்க் கோடு மேல் கோட்டளவு அழுத்தமாக வந்தால் பால் சுத்தம். மங்கினால் மருந்து. வராவிட்டால் நிறைய மருந்து.

எல்லாரும் இதில்தான் தடுமாறுவார்கள். மருந்து இருந்தால் கோடு வரவேண்டாமா, ஏன் போகிறது? எனக்கும் பிடிபடவில்லை. சார் படம் போட்டுக் காட்டினார். பிறகு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்த ஆட்கள் மலைக்கு வருகிறார்கள். வழியில் வேறொரு கங்காணி பிடித்து வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டான். அப்படியானால் நம் நிரையில் நிற்க ஆள் இல்லை. தங்கம்தான் ஆட்கள். மருந்துதான் அந்தக் கங்காணி. கீழ்க் கோடுதான் நிரை. சாரிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் அதையே இன்னொரு சென்டர் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஜன்னலுக்குப் போய் வெளி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் கூடாது. பார்த்ததை ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பேசக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. பிறகு இரண்டையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். வேறுபட்டால் மறுபடி ஒரு ஸ்டிரிப், அதை அவர் பார்ப்பார். அவர் சொன்னதுதான் முடிவு.

"நீங்க பாத்ததை எழுதுங்க," என்பார். "நியாஸ் பாக்கிறதை நியாஸ் எழுதுவாங்க."

ஒரே ஒரு தடவை என்னைக் கடிந்தார். அதுவும் கடிந்தது என்று சொல்ல முடியாது. தை மாதப் பனி. புல்லெல்லாம் வெள்ளை. விடியும் முன்னே கரண்ட் போய்த் திரும்பி வந்திருந்தது, எனக்குத் தெரியாது. வந்த கேன் எல்லாவற்றிலும் கோடு வெளிறியே விழுந்தது. ஐந்து கேனை நிறுத்திவைத்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். "நாட்டுல உள்ள மாட்டுக்கெல்லாம் ஒரே நாள்லயா நோவு வரும்?" என்றார் ஒருவர். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

சார் வந்தார். ஹீட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காமாட்சி, ஹீட்டர் இன்னும் தூங்குறாங்க."

மேல் கோடும் வெளிறியிருந்ததை நான் பார்க்கத் தவறியிருந்தேன். சாட்சியே சரியில்லாதபோது வழக்கு எப்படி நடக்கும். சூடேற்றி மறுபடி செய்தோம். ஐந்து கேனும் சுத்தம். அன்றிலிருந்து காலையில் முதல் வேலை ஹீட்டரைத் தொட்டுப் பார்ப்பது. ஓய்வு பெறும்வரை தொட்டேன்.

இனி அந்தக் கேன்.

வெளியே மூடுபனி. ஏழு மணி இருக்கும். எங்கள் டிவிஷன் கேனில் மாதிரி எடுத்தேன். ஏழு நிமிடம் கழித்து ஜன்னலில் பிடித்தேன். மேல் கோடு நன்றாக இருந்தது. கீழ்க் கோடும் இருந்தது. ஒரு பொட்டுக் குறைவு. மங்கல் என்று எழுதிக் கவிழ்த்தேன். நியாஸ் எழுதிக் கவிழ்த்தான். திருப்பினோம். அவன் சரி என்று எழுதியிருந்தான்.

"அக்கா, பனி மூட்டம். வெளிச்சம் காணாது. ரெண்டும் ஒண்ணுதான்," என்றான்.

"பவுசர் போகணும், மணி என்ன?" என்று வாசலில் பியசேன சத்தம் போட்டார்.

சார் மேசைக்கு வந்தார். புதிய ஸ்டிரிப் எடுத்தார். தானே செய்தார். ஜன்னலில் நெடுநேரம் நின்றார். மங்கல்.

கேன் பால் சில்லர் என்கிற குளிர்தொட்டிக்குள் போகவில்லை. பவுசர் மற்றப் பாலோடு போய்விட்டது. எட்டு வீட்டுக்கும் தனித்தனிச் சின்ன போத்தல் உண்டு, கேனில் ஊற்றும் முன் செல்வம் பிடித்துவைப்பான். எட்டையும் பார்த்தோம். ஏழு சுத்தம். ஆறாம் நம்பர் மங்கல். கேனில் கண்டதைவிட நன்றாகவே மங்கல். நியாஸும் இப்போது அதையே எழுதினான்.

"ஆறாம் நம்பர் யாரு?" என்றார் சார். பட்டியல் சுவரில்தான் தொங்கியது.

"பாக்கியம்."

"உங்க ஆளா?"

"அண்ணன் பொஞ்சாதி, சார்."

"ஹரி," என்றார், சிங்களத்தில் சரி என்று. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவ்வளவுதான்.

விதி எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கு மருந்து போட்டதை மறைத்துப் பால் கொண்டுவந்தால் பால் புத்தகம் ரத்து. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. எப்போதைக்கும். அண்ணன் முதுகு அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். அண்ணியின் நாள்கூலிப் பேர்க்காசும் அந்த ஒரு மாட்டுப் பாலும்தான் வீடு. புத்தகம் போனால் மாடும் போகும்.

நியாஸ் என் பக்கத்தில் வந்து கேன் மூடியைத் துடைக்கிற மாதிரி நின்றான்.

"நீங்களும் சரின்னு எழுதியிருந்தா ரெண்டு தாளும் ஒண்ணாயிருக்கும் அக்கா."

"தெரியும்," என்றேன்.

செல்வம் போய்ச் சொன்னான். அண்ணி மலையில் இருந்து நேரே வந்தாள், கொழுந்து எடுக்கையில் கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் இருந்தபடி. கூடவே இரண்டாம் வீட்டு முனியம்மா.

"மாட்டுக்கு மருந்து போட்டீங்களா?" என்றார் சார்.

"போட்டேன் சார். மடி கல்லு மாதிரி இருந்துச்சு. டாக்டர் வந்து டியூப் ஏத்துனாரு. மூணு நாளைக்கு மூணு டியூப். நேத்தோட முடிஞ்சிருச்சு. நோவுல மாடு பால் இறக்கல, இன்னிக்குத்தான் கொண்டாந்தேன்."

"ஏன் சொல்லல்ல?"

"எதுக்குச் சார் சொல்லணும்? ஒரு காம்புக்குத்தானே போட்டாங்க. பின்னாடி இடது காம்பு. அந்தப் பாலைத் தனியா பீச்சி அழுக்குத் தண்ணி ஓடுற கானுல ஊத்திட்டேன். மத்த மூணு காம்புப் பாலைத்தான் குடுத்தேன். அது சுத்தம்."

அண்ணி பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அதை நான் சொன்னால் எடுபடுமா? எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நானும்தான். நாலு காம்பு என்றால் லயத்து வரிசை வீட்டில் நாலு காம்பரா மாதிரி, தனித்தனி அறை. ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போகாது.

"எங்க பாலை என்ன செய்யப் போறீங்க?" என்றாள் முனியம்மா. "அவ மாட்டுக்கு நோவு, நாங்க பத்தியமா?"

கலந்த பாலைப் பிரிக்க முடியாது. நாற்பது லிட்டரையும் பின்புறக் குழியில் நான்தான் ஊற்றினேன். நாய்கள் வந்தன. "குடிக்காதீங்க, போங்க, போங்க," என்று சார் கை தட்டினார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி என்னிடம் வந்தாள்.

"கோடு மங்கலா இருக்குன்னு முதல்ல எழுதுனது நீயா?"

"நான்தான்."

"உன் கண்ணு நல்லா இருக்கட்டும் தாயே. அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் சார் ஆறாம் நம்பர் ஸ்டிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். பென்சில் கையில் இருந்தது. எழுதவில்லை.

"காமாட்சி, அந்த நோவுக் காம்புப் பாலும் கலந்திருந்தா கோடு எப்படி வரும்?"

"கோடே வராது சார்."

"பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காம சொல்லாதீங்க. நாளைக்கு நாலு காம்பும் வேற வேறயாக் கொண்டு வாங்க."

விடிந்ததும் நாலு போத்தலோடு மாட்டுப் பட்டிக்குப் போனேன். போத்தல் கழுத்தில் அடையாளத்துக்கு நூல் கட்டியிருந்தேன். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. நோவுக் காம்புக்கு நாலு முடிச்சு. அண்ணி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்து, முதலில் நோவுக் காம்பைப் பீச்சினாள். கையைப் படங்கில் துடைத்தாள். அடுத்த காம்பைப் பிடித்தாள்.

"கையைக் கழுவுங்க அண்ணி."

"ஏன், உன் ஆபிசர் தொழுவத்துல பைப்பு போட்டுத் தந்திருக்காரா?"

வாளித் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். கழுவினாள். முதல் நாளும் இப்படித்தான் துடைத்துவிட்டுக் கறந்திருக்கிறாள். கையில் இருந்தது பாலுக்குள் போயிருக்கிறது. கொஞ்ச மருந்து அப்படி வந்தது. மிச்சம் மாட்டின் இரத்தத்தோடு சுற்றி வந்தது. கழுவிக் கறந்த மூன்றிலும் அது தெரிந்தது. கோடு முதல் நாளைவிடக் கொஞ்சம் தெளிவு, ஆனாலும் மங்கல். நாலாம் முடிச்சுப் போத்தலில் கீழ்க் கோடு இல்லை. வெறும் வெள்ளை.

பிறகு சார் நாலையும் சம அளவாகக் கலந்து ஐந்தாவது ஒன்று செய்யச் சொன்னார். பார்த்தேன். அதிலும் கோடு இல்லை.

ஐந்து ஸ்டிரிப்பையும் முதல் நாள் ஆறாம் நம்பரையும் வரிசையாக ஒரு தாளில் ஒட்டினார். ஆறாம் நம்பரில் கோடு இருந்தது. மங்கலான கோடு, ஆனால் கோடு. நோவுக் காம்புப் பால் அதில் கலந்திருந்தால் அது இருந்திருக்காது. அண்ணி சொன்னபடியேதான் செய்திருக்கிறாள்.

சார் அடியில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதினார். எனக்குத் தமிழில் வாசித்தும் காட்டினார்.

"மறைக்கல்ல. தெரியல்ல."

அவளைப் பிடித்துக் கொடுத்ததும் அந்தக் கோடு. காப்பாற்றியதும் அதுதான். நான் அன்று சரி என்று எழுதியிருந்தால் பால் போயிருக்கும். அடுத்த தடவை வேறெங்கோ பிடிபட்டிருக்கும். அங்கே நாலு போத்தல் கேட்க ஒரு திலகரத்ன சார் இருந்திருப்பாரா, தெரியாது.

தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது. நாலு காம்பும் சுத்தமாகும்வரை பால் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு மாதத்துக்குள் சுத்தமாகாவிட்டால் புத்தகம் ரத்துத்தான்.

அன்று மாலை அண்ணியிடம் சொன்னேன். "நாலு காம்பும் நாலு காம்பராதான் அண்ணி. ஆனா கூரை ஒண்ணு. ஒரு வீட்டுல பொகைஞ்சா எல்லா வீட்டுக்கும் போகுமில்ல, அந்த மாதிரி."

"ஒனக்குப் பேசவும் வருதே," என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை.

ஆனால் தினமும் வந்தாள். நாலு போத்தலோடு, பாலைக் கேனிலும் சுமந்துகொண்டு. இன்றைக்குச் சரியாகிவிடும் என்ற நினைப்பு. போத்தலை நியாஸிடம் கொடுத்து, "தம்பி, அந்தத் தங்கம் பாக்குற அம்மாகிட்ட குடு," என்பாள். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். மங்கல் என்று தாள் திரும்பியதும் பின்பக்கம் போய்க் குழியில் ஊற்றிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். யாரும் ஊற்றச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போ என்றான் நியாஸ். "ஆகாத பாலை எம் புள்ளைக்குக் குடுக்கவா?" என்றாள்.

மூன்று காம்பும் முதலில் தெளிந்தன. நாலாவது மங்கலாகவே நின்றது.

"மூணு சரின்னா மூணை எடுங்களேன் சார்."

"நாலு பேரும் ஒண்ணா வரணும்."

"நாலு பேராம்," என்று நியாஸிடம் முணுமுணுத்தாள். அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புது மெஷினைப் பற்றி அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்கள். நல்ல சாமான். அதற்கு மூடுபனி கிடையாது. அண்ணியும் கிடையாது. ஆனால் நம்பர் வந்த பிறகு, எப்படிக் கறந்தீங்க என்று அது கேட்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, போய்ப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலை வெயில் அடித்தது. ஹீட்டர் சூடாக இருந்தது. நாலு ஸ்டிரிப்பை ஜன்னலில் பிடித்தேன். மேலும் கீழும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எழுதிக் கவிழ்த்தேன். நியாஸ் எழுதினான். அண்ணி வாசலில் கேனைத் தரையில் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குழிக்குப் போகத் தயாராக.

திருப்பினோம். சரி. சரி.

சார் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தார். தொப்பியை மாட்டினார். பென்சிலை எடுத்து அண்ணியின் புத்தகத்தைத் தானே திறந்தார்.

"கொண்டு வாங்க," என்றார்.

அண்ணி அசையவில்லை. கேட்டது சரிதானா என்று என்னைப் பார்த்தாள். ஒன்பது நாளில் முதல் தடவை. நான் தலையை ஆட்டினேன்.

"என்னாடி காமாட்சி, பாத்துக்கிட்டே நிக்கிற? கை வலிக்குது. அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். இரண்டு பேருமாக ஊற்றினோம். நியாஸ் குனிந்து அளவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

ஆறு லிட்டர் எழுநூறு.